உறையாத தண்ணீர்

பற்றரியை இரண்டு கையாலும் சுமந்துகொண்டு கடைசி ட்ரெயிலரின் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் யேசுரட்ணத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. 'கிர்ர்ர்' என்று அடித்தொண்டையில் உறுமுகிற சத்தம். உள்ளே யாராவது தண்ணீர்க் குழாயைத் திறந்தால், கட்டிலுக்குக் கீழே இருக்கிற சின்னப் பம்ப் அப்படித்தான் உறுமும். அவனுக்குப் பழகிப்போன சத்தம்தான். ஆனால் அந்தப் பம்ப் பற்றரியில் ஓடுவது, அந்த ட்ரெயிலரின் பற்றரியோ அவனுடைய கையில் இருந்தது.

அசையாமல் நின்றான். டிசம்பர் மாதம், ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஸ்ரௌவ்வில் என்கிற சின்ன ஊருக்கு வடக்கே, வீடுகள் எல்லாம் முடிந்து வெறும் வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த யார்ட். கோடையில் வெள்ளைக்காரர்கள் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு ஏரிக்கரைகளுக்குப் போகிற வீட்டு வண்டிகள் இப்போது வரிசை வரிசையாக ஸ்னோவுக்குள் புதைந்து கிடந்தன. பிளாஸ்ரிக் விரிப்பு ஒன்று எங்கேயோ கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டது. ஈரப் பலகையின் மணமும், பழைய டீசல் மணமும், அவனுடைய ஜக்கெற்றுக்குள் வைத்திருந்த பிட்டுப் பார்சலின் சூடான தேங்காய்ப்பூ மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. உறுமல் நின்றது. குழாயைப் பூட்டினால் அப்படித்தான் நிற்கும்.

காற்றாக இருக்கும் என்று தனக்குத்தானே சொன்னான். அவன் தனக்குச் சொல்லிக்கொள்கிற பொய்களில் இது எத்தனையாவது என்று அவனுக்கே தெரியாது.

யேசுரட்ணத்தைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் துணிவு வேண்டும், இவனிடம் அதுவும் இல்லை. முதலாளி நிமிர்ந்து பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிற சாதி. குளிர் தொடங்கமுதல் ட்ரெயிலர்களின் தாங்கிகளில் இருக்கிற தண்ணீரை வெளியே விடுவது, குழாய்கள் வெடிக்காமல் இருக்க அன்ரிஃபிறீஸ் என்கிற உறையாத மருந்தைப் பம்பால் ஓடவிடுவது, பற்றரிகளைக் கழற்றிச் சூடான ஷெட்டுக்குள் பலகையில் அடுக்குவது, இவ்வளவுதான் அவனுடைய வேலை. சும்மா சொல்லக்கூடாது, வேலையில் வலு கவனம். குழாய் ஒன்று வெடித்து முதலாளியிடம் பேச்சு வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

அந்தக் கடைசி ட்ரெயிலருக்குள் அகஸ்ரின் இருந்தான். மனைவி மரியம்மாவின் ஒரே தம்பி. அவனுடைய அகதி வழக்கு தோற்றுப்போய், பிடித்துத் திருப்பி அனுப்புவதற்குக் குடிவரவு ஆட்கள் ஸ்காபரோவில் இவர்களின் அப்பார்ட்மென்ற் கதவைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பீலுக்கு ஒரு பதில் வரும்வரை எங்கேயாவது ஒளித்து வைக்கவேண்டும் என்று மரியம்மா காலில் விழாத குறையாக அழுதாள். ட்ரெயிலருக்குச் சொந்தக்காரக் கிழவர் ஆஸ்பத்திரியில் படுக்கையாகக் கிடந்தார், தேடி வர ஆள் இல்லை. காஸ் சிலிண்டர் இருந்தது, பற்றரியில் ஓடுகிற ஹீற்றர் இருந்தது. யேசுரட்ணம் ஒரு நாளும் செய்யாத துணிச்சலாக அவனை அங்கே கொண்டுவந்து விட்டான்.

"ஆரும் தட்டினால் திறந்துபோடாதை. நான் தமிழில பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் வா, விளங்குதே?" என்று சொன்னபோது அகஸ்ரின் சிரித்தான்.

"உதை எனக்கே சொல்லித் தாறியள் அத்தான்?"

உண்மைதான். ஊரில் ஆமி சுற்றிவளைத்த நாட்களில் கூரைக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் கிடந்து பழகியவன். ஒருமுறை தேள் கடித்தும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, ஆமி போகும்வரைக்கும் முனகாமல் கிடந்தவன். கட்டில் பலகையைத் தூக்கினால் கீழே பெட்டி மாதிரி ஓர் இடம் இருந்தது. யாராவது வருகிற சத்தம் கேட்டால் அதற்குள் போய்ப் படுத்துவிடுவான்.

பிறகு அந்த நாள் வந்தது. கடும் குளிரும் புயலும் வரப்போகிறது, மிச்சம் இருக்கிற ட்ரெயிலர்களை இன்றைக்கே முடி என்று முதலாளி கூடவே வந்து நின்றார். கடைசி ட்ரெயிலருக்கு வந்தபோது இளஞ்சிவப்பு மருந்து முடிந்துபோயிருந்தது. அதுதான் ட்ரெயிலருக்கு ஊற்றுகிற மருந்து, வாயில் பட்டாலும் ஆளைக் கொல்லாது. ஷெட்டில் கார்களுக்கு ஊற்றுகிற பச்சை மருந்து இருந்தது. அது நஞ்சு. டின்னிலேயே மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. முதலாளி வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். கோடை வந்தால் கழுவிவிடலாம் என்று நினைத்து யேசுரட்ணம் பச்சையைத் தூக்கினான்.

முதலாளி ட்ரெயிலரின் சுவரில் முட்டியால் குத்தி, "ஹலோ! எனிபடி இன் தேர்?" என்று கத்தினார். பக்கத்து யார்டில் போன குளிருக்கு யாரோ படுத்துக் கிடந்தானாம், அதனால் இந்தச் சோதனை. உள்ளே ஒரு மூச்சுக்கூட இல்லை. யேசுரட்ணம் உள்ளே போய் ஹீற்றரை நிறுத்தினான், குழாய்களைத் திறந்தான், பச்சைத் தண்ணீர் வரும்வரை ஓடவிட்டுப் பூட்டினான். கட்டிலுக்குக் கீழே அவனுடைய மச்சான் படுத்துக் கிடந்தான். முதலாளிக்குத் தமிழ் தெரியாது. பாட்டு முணுமுணுப்பவன் மாதிரி யேசுரட்ணம் குனிந்து, "பின்னேரம் வாறன், வெளியில வராதை" என்று மட்டும் சொன்னான். தண்ணீரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது. நினைவு வரவில்லை, அவ்வளவுதான்.

பற்றரியைக் கழற்றினான். முதலாளி நீட்டிய ஆமைப்பூட்டை வாங்கிக் கதவில் தன் கையாலேயே பூட்டினான்.

அன்று பின்னேரம் புயல் வந்தது. தெருவை மூடிவிட்டார்கள். அடுத்த நாளும் மூடித்தான் கிடந்தது. அதற்கடுத்த நாள் தெரு திறந்தது, ஆனால் முதலாளியின் ட்றக் யார்ட்டுக்குள்ளேயே நின்றது. அவர் பார்க்கக் கடைசி ட்ரெயிலருக்குப் போக யேசுரட்ணத்துக்குக் கால் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

"தம்பி சாப்பிட்டவனே?" என்று மரியம்மா கேட்டாள்.

"ஓம், நல்லாச் சாப்பிட்டவன். உனக்கு விசர், சும்மா கவலைப்படுறாய்" என்றான்.

அடப்பாவி! அவள் அதை நம்பி, இன்றைக்கு ஆசையாகப் பிட்டு அவித்து, மீன்குழம்பும் வைத்துக் கொடுத்துவிட்டாள். முதலாளியின் கண்ணில் படாமல் காரைத் தெருவோரத்தில் விட்டுவிட்டு, முழங்கால் ஸ்னோவுக்குள்ளால் நடந்து, ஷெட்டில் இருந்த பூட்டுத் திறப்பை எடுத்துப் பொக்கெற்றில் போட்டு, பற்றரியையும் தூக்கிக்கொண்டு வந்து இப்போது நிற்கிறான்.

பற்றரியைப் படியடியில் வைத்தான்.

"அகஸ்ரின்?"

விரிப்பு அடித்துக்கொண்டது.

"அகஸ்ரின், நானடா. அத்தான். அக்கா பிட்டு தந்துவிட்டவ."

கதவுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், யாரோ மெதுவாக அசைந்தார்கள்.

"அத்தானே?"

அப்பாடா! யேசுரட்ணத்துக்கு அழுகையே வந்துவிட்டது. குளிரில் விறைத்த விரல்களால் திறப்பைத் தேடி எடுத்தான். "ஓமடா, நான்தான். வரேலாமல் போச்சு. தெரு எல்லாம் பூட்டிப்போட்டாங்கள். குளிருதே?"

"இப்ப குளிரேல்லை."

திறப்பு பூட்டுக்குள் போனது, திரும்பவில்லை. பூட்டு உறைந்திருந்தது. லைற்றரைப் பற்றவைத்து அதன் கீழே பிடித்தான். காற்று அணைத்தது. மறுபடி பற்றவைத்தான்.

"பம்ப் என்னெண்டடா ஓடுது?"

மறுபடி திறப்பைத் திருகிப் பார்த்தான். பிறகு, அதே மெதுவான குரலில், "போத்தில் தண்ணி கட்டியாப் போச்சு அத்தான். நாக்கெல்லாம் வறண்டு போச்சு. பைப்பைத் திறந்தனான். கொஞ்சம் வந்தது."

லைற்றர் விரலைச் சுட்டது.

"தண்ணி இனிக்குது அத்தான்."

பச்சை டின். மண்டையோடு. அந்த வண்டிக்குள் உறையாமல் இருந்தது அது ஒன்றுதான். அதை ஊற்றியவன் அவன்.

"குடிக்காதை! டேய், அது நஞ்சடா! வாயில வைக்காதை!"

திறப்பை இரண்டு கையாலும் முறுக்கினான். பிறகு குரல், கோபம் கொஞ்சமும் இல்லாமல், சொன்னது.

"நீங்கள் சொல்லேல்லையே."

கிர்ர்ர். பம்ப் மறுபடி உறுமியது. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். பற்றரி அவனுடைய காலடியில், ஸ்னோவுக்குள், பாதி புதைந்து கிடந்தது.

பூட்டு 'டக்' என்று விட்டது. கதவை இழுத்துத் திறந்தான்.

உள்ளே வெளியைவிடக் குளிர். ஜக்கெற்றுக்குள் இருந்து எடுத்த ரோச் லைற்றின் வெளிச்சத்தில் அவனுடைய மூச்சு வெள்ளையாக மிதந்தது. சுவர் முழுக்க உறைபனி பூத்திருந்தது. வாந்தி எடுத்த சத்திநாற்றம், அதற்கு மேலே சீனிப்பாணி மாதிரி ஒரு இனிப்பு மணம். மேசையில் வெடித்த தண்ணீர்ப் போத்தல். அதற்குப் பக்கத்தில் ஒரு கோப்பை, அடியில் பச்சை. கதவுக்குக் கிட்ட யாரும் இல்லை. குழாயடியில் யாரும் இல்லை. குழாய் பூட்டிக் கிடந்தது, தொட்டி காய்ந்து கிடந்தது. நிலத்துப் பனியில் யேசுரட்ணத்தின் சப்பாத்து அடையாளம் மட்டும்தான் இருந்தது.

"அகஸ்ரின்?"

கட்டில் பலகை மூடியிருந்தது.

தூக்கினான்.

முழங்கால்களை நெஞ்சோடு மடித்துக் கிடந்தான் அகஸ்ரின். கண் மயிரில் பனி. கன்னம் மரக்கட்டை மாதிரி. செத்தது இன்றைக்கோ நேற்றைக்கோ அல்ல. வலது கையால் தன் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தான். விரல் இடுக்குகளில் பச்சை காய்ந்திருந்தது. குடல் எரிந்து, துடித்துச் சாகிற நேரத்திலும் ஒரு முனகல் வெளியில் கேட்டுவிடக் கூடாது என்று பொத்தியிருக்கிறான். அத்தான் சொன்னபடி இருந்திருக்கிறான். அத்தான் பின்னேரம் வருவார் என்று இருந்திருக்கிறான்.

"ஐயோ ஆண்டவரே" என்றான் யேசுரட்ணம்.

அப்படியென்றால் பேசியது யார்?

காற்று கதவை அடித்துச் சாத்தியது. ரோச் கை தவறிப் பெட்டிக்குள் விழுந்தது. அணைவதற்கு முன் ஒரு கணம் அகஸ்ரினின் முகத்தைக் காட்டியது. வாய் திறந்திருந்தது. பொத்தியிருந்த கையைக் காணவில்லை.

இருட்டு.

வெளியே ட்றக் எஞ்சின். கனமான சப்பாத்துகள் ஸ்னோவை நெரித்துக்கொண்டு வந்தன. முதலாளி. கொழுவியிருந்த திறந்த பூட்டையும் படியடியில் கிடந்த பற்றரியையும் கண்டு ஏதோ திட்டினார். சுவரில் முட்டியால் குத்தினார்.

"ஹலோ! எனிபடி இன் தேர்?"

யேசுரட்ணம் வாயைத் திறந்தான். வேலை போகட்டும். பொலிஸ் வரட்டும். நாடு கடத்தட்டும். இந்த முறை கத்துவான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

ஒரு கை அவன் வாயைப் பொத்தியது.

பனிக்கட்டி மாதிரிக் கை. பற்கள் நொருங்குகிற மாதிரி இறுக்கியது. காதுக்குள் இனிப்பு மணத்தோடு ஒரு குரல், கெஞ்சுகிற மாதிரி, அன்பாக.

"மூச்சுக் காட்டாதேங்கோ அத்தான். தட்டிப் பாத்திட்டுப் போயிடுவாங்கள்."

முதலாளி காத்திருந்தார். ஒரு மூச்சுக்கூட இல்லை.

பற்றரி களவெடுக்க வந்தவன் ஓடிவிட்டான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். டக். பூட்டு.

பற்றரியைத் தூக்கி ட்றக்கில் போடுகிற சத்தம். எஞ்சின். பிறகு தூரத்தில் எஞ்சின். பிறகு விரிப்பு மட்டும் அடித்துக்கொண்டது.

கை எடுபடவில்லை. கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. கட்டிலுக்குக் கீழே, மெதுவாக, பம்ப் உறுமத் தொடங்கியது. இருட்டுக்குள் கோப்பை நிறைகிற சத்தம் கேட்டது, ஆறுதலாக, விளிம்புவரைக்கும். பொத்தியிருந்த விரல்கள் இரண்டு மட்டும் விலகின. கோப்பையின் குளிர்ந்த விளிம்பு வந்து அவனுடைய உதடுகளுக்கு நடுவில் நின்றது.