குட்டைச் சேற்றில் உயிரோடிருந்தவை

காலை 6.10. பென்னாகரத்தை அடுத்த தோட்டத்தில், மதலைமுத்துவின் மீன்குட்டையில் அத்தனை கட்லா மீன்களும் வாய் பிளந்து மிதந்தன. அந்தோணியார் திருவிழா விருந்துக்கென்று அவர் ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்த மீன்கள்.

காலை 7.30. மகன் ஆண்டோவின் தக்காளிக் கொட்டகையில் காலியான பூச்சிமருந்து பாட்டில் கிடைத்தது. குட்டையை மூடிவிடலாம் என்று மாதக்கணக்கில் சொல்லி வந்தவன் அவன். மதலைமுத்து மேற்கொண்டு யோசிக்கவில்லை. ஊர் பார்க்க மகனை அறைந்து, காவல் நிலையத்துக்குத் தாமே இழுத்துப் போனார்.

“தப்பு செஞ்சவன் என் வூட்டுல இருக்கக் கூடாதுங்க.”

ஆண்டோ வாயே திறக்கவில்லை.

மாலை 5.40. உதவி ஆய்வாளர் மலர்விழி குட்டைக்கு வந்தார். விலங்கியல் படித்தவர். மோட்டார் அறைச் சுவரெங்கும் கொசு போன்ற பூச்சிகள் அப்பியிருந்தன. ஒன்று அவர் கையில் உட்கார்ந்தது.

“அடிச்சுப் போடுங்கம்மா, கடிக்கும்,” என்றார் கூட நின்ற மதலைமுத்து.

“இது கடிக்காத சாதிங்க. இப்பத்தான் தண்ணியிலிருந்து வெளிய வந்திருக்கு.”

குனிந்து ஒரு கை சேறு அள்ளினார். அதில் இரத்தச் சிவப்பாகப் புழுக்கள் நெளிந்தன.

“எத்தனை நாளா வானம் மூட்டம்?”

“மூணு நாளுங்க.”

“குட்டையில கடைசியா என்ன போட்டீங்க?”

“சாணி. மீன் கொழுக்கணும்ல. முந்தாநேத்து ரெண்டு டிராக்டர்.”

“வழக்கமா?”

“நாலு கூடை.”

மலர்விழி கையிலிருந்த சேற்றை அவர் முன் நீட்டினார்.

“பாட்டில் மருந்து தக்காளிக்கு அடிச்சதுங்க. அது இங்க கலந்திருந்தா இந்தப் புழுதான் முதல்ல செத்திருக்கும். இதுதான் வளர்ந்து அந்தப் பூச்சியாகுது. காத்து கொஞ்சமா இருக்கிற சேத்துலயும் இது தாங்கும், மீன் தாங்காது. வெயில் இல்லாததால தண்ணிப் பாசியும் புதுசா காத்து விடல. அழுகின சாணி தண்ணியில இருந்த காத்தையெல்லாம் தின்னுடுச்சு.”

“அப்ப, கொன்னது?”

“நீங்கதாங்க ஐயா.”

மதலைமுத்து நிமிர்ந்தே நின்றார். “என் பேரை எழுதிக்குங்க.”

“தெரியாம செஞ்சதுக்கு வழக்கு கிடையாதுங்க.”

இரவு 7.15. விடுவிக்கப்பட்ட ஆண்டோ, மதலைமுத்து காத்திருந்த நிலைய வாசலுக்கு வந்தான். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

“சாணியாலதான்னு உனக்குத் தெரியுமா?”

“கொட்டாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனே அப்பா.”

“காலையில ஏன்டா சொல்லல?”

“ஊரே நின்னுச்சு. உங்க கையால செத்துச்சுன்னு அத்தனை பேர் முன்னாடி நான் சொல்றதா?”

மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் அவருடையது. “வூட்டுக்கு வாடா, சாப்பிடலாம்,” என்றார்.

ஓசூர் பேருந்து வந்து நின்றது. ஆண்டோ ஏறி, அவர் நிற்காத பக்கத்து ஜன்னலோரமாய் உட்கார்ந்தான்.