கேட்டடியில் ஒருவர் நிற்கிறார்

செய்தி றலியா டீச்சரின் பெயரில்தான் வந்திருந்தது. "எங்கள் கேட்டடியில் ஒருவர் நிற்கிறார்." நேரம் மாலை ஆறு பன்னிரண்டு. அந்த நேரத்தில் அவளுடைய போன் குசினி மேசையில் குப்புறக் கிடந்தது. அவளோ மஃரிப் தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்தாள். சுண்டுவிரலின் சூட்டுத் தழும்பிலும் மணிக்கட்டின் ஒற்றைக் காப்பிலும் நீர் சொட்டச் சொட்ட வந்து எடுத்துப் பார்த்தபோது, ஒழுங்கையின் வாட்ஸ்அப் குழுவில் பதினொரு பேர் அதை ஏற்கனவே பார்த்திருந்தார்கள்.

மூன்று வாரங்களுக்கு முன் அவளே எழுதிய வாக்கியம் அது. போன்கள் சில வேளை பழைய செய்திகளைத் தாமாகவே திரும்ப அனுப்பிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். எதிர்வீட்டு முனாஸ் அதற்குள் டோர்ச்சோடு இறங்கிவிட்டான்.

மேல்மாடி ஜன்னலுக்கு வந்தவளிடம், "ஒத்தரும் ஈக்கல்லயே டீச்சர்," என்றான் கீழே நின்று.

"பழைய மெசேஜ் மகன். தவறிப் போயிருக்கும்."

அவன் போய்விட்டான். ஜன்னலைச் சாத்தப் போனவளின் மூக்கில் பச்சைப் புல் வாசம் ஏறியது. சற்று முன் வெட்டிய புல்லின் வாசம், அதோடு கொஞ்சம் பெற்றோல். அவள் வளவில் புல் வெட்டி இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, மழையில் சாய்ந்து கிடந்தது.

மடவளை பஸாரிலிருந்து மேலே ஏறும் அந்த ஒழுங்கையில் இருபத்துமூன்று வீடுகள். வருடத் தொடக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணி மோட்டர் களவு போனது. பிறகு இன்னொரு வீட்டில் காஸ் சிலிண்டர். பிறகு பட்டப்பகலில் ஒரு பிள்ளையின் கழுத்துச் சங்கிலி. விழிப்புக் குழு அப்படித்தான் பிறந்தது. பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முனாஸ் அதற்குத் தலைவன். வீட்டுக்கு ஒரு விசில், ஒரு டோர்ச், எல்லோருக்குமாக ஒரு வாட்ஸ்அப் குழு. காலையில் அதில் ரோஜாப்பூவும் ஸலாமும் வரும், மாலையில் சந்தேகம் வரும். இருட்டினால் மின்கம்பத்தின் நிழலுக்குக்கூட அங்கே கள்ளன் பட்டம் கிடைத்துவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் முனாஸ் நியாயம் பார்க்கிறவன். ஐந்தாம் வகுப்பில் றலியாவிடம் படித்தவன். அவன் ஒரு சட்டம் வைத்தான். யாரைப் பிடித்தாலும், அடிக்குமுன் சத்தமாக மூன்று தரம் கேட்க வேண்டும்: இந்த ஆளைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா? ஒழுங்கையில் ஒரே ஒருவர் 'எனக்குத் தெரியும்' என்றால் போதும், விட்டுவிட வேண்டும்.

கணேஸுக்கு அந்த ஒருவர் இருந்தார். அது றலியாதான்.

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வருகிறவன் அவன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து அவள் வளவைத் துப்புரவாக்கிவிட்டு, பின்படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துவிட்டுப் போவான். அந்த வெள்ளிக்கிழமை அவனை வரச் சொன்னதும் அவள்தான், வரச் சொன்னதை மறந்ததும் அவள்தான். பாதையில் மண் சரிந்து, பஸ் பிந்தி, தலையில் சாக்கைப் போர்த்துக்கொண்டு மழையோடு மழையாக இருட்டும் நேரத்தில் வந்து நின்றவனை அவள் மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த புல்வெட்டும் பெற்றோல் மெஷினின் கத்தியை மட்டும்தான் பார்த்தாள். உடனே குழுவில் எழுதினாள். விசில்கள் ஊதின. முப்பது பேர் வந்தார்கள்.

டோர்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்ததுமே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. முனாஸ் ஒரு தரம் கேட்டான். கணேஸ் ஜன்னலை அண்ணாந்து பார்த்து, "டீச்சரம்மாவுக்கு என்னையத் தெரியுங்க, கேட்டுப் பாருங்க," என்றான். முனாஸ் இரண்டாம் தரம் கேட்டான். ஊரையே கூட்டிவைத்துவிட்டு, இவன் எங்கள் வீட்டுக்குப் புல் வெட்டுகிறவன் என்று இனி எப்படிச் சொல்வது? வெட்கம்தான். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் அவளிடம் இருக்கவில்லை. மூன்றாம் தரம் கேட்டு முடிக்குமுன் அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

அடிபட்ட ஐந்தாம் நாள் அவன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். பொலிஸ் வந்து கேட்டபோது ஒழுங்கையில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பழைய செய்தி மறுபடி வந்த நாளின் காலையில்தான் அவன் மனைவி பாலம்மா வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"இந்த வீட்டம்மாவுக்குத் தன்னையத் தெரியும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. அது நீங்கதானுங்களா?"

"எனக்கு அவரத் தெரியாது," என்றாள் றலியா.

பாலம்மா அவளைச் சற்று நேரம் பார்த்தாள். சாபமிடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "சரிங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இரண்டாம் நாளும் ஆறு பன்னிரண்டுக்குச் செய்தி வந்தது. "எங்கள் கேட்டடியில் ஒருவர் நிற்கிறார். பெண்." போன் அவள் கையில்தான் இருந்தது. விரல் படாமலே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு ஓடினாள். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. புல் வாசம் படிக்கட்டு வரை வந்திருந்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனாள். முனைக்கடை பாரூக் இருபது வருடமாக அவளுக்குப் பாண் கொடுக்கிறவர். மகள் ஷஹ்மா பிறந்தபோது சீனி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர். பாணைச் சுற்றிக்கொண்டே, "எந்தப் பக்கத்து ஆள் நீங்க? பாத்த மாதிரி இல்லயே," என்றார். பகிடி என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. திரும்பி ஏறும்போது, அவள் கையால் சோறு தின்று வளர்ந்த தெருநாய் எழுந்து நின்று உறுமியது.

அன்று மாலைச் செய்தியில், "மண்ணிறச் சால்வை போர்த்தியிருக்கிறார்," என்று கூடுதலாக ஒரு வரி இருந்தது. அவளிடம் அப்படி ஒரு சால்வை உண்டு. கணவர் தாஸிம் கத்தாரிலிருந்து கொண்டுவந்தது. அதை எடுத்துச் சுருட்டி அலுமாரியின் அடித்தட்டில் திணித்துப் பூட்டினாள்.

நான்காம் நாள் காலை ஷஹ்மா மேசையில் ஒரேயொரு கோப்பைத் தேநீர் வைத்திருந்தாள்.

"எனக்கில்லயா மகள்?"

ஷஹ்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், எதுவும் இருக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்க்கிற பார்வை அது. பிறகு, "ஐயோ, மறந்துட்டன் உம்மா," என்று எழும்பிக் குசினிக்குப் போனாள். கடைக்காரர் மறக்கட்டும், நாய் மறக்கட்டும். ஊரே மறந்தாலும் பரவாயில்லை, இந்தப் பிள்ளை மறக்கக் கூடாது. தகப்பன் கடல் கடந்து கிடக்க, பத்தொன்பது வருடம் தனியாளாக நின்று வளர்த்த பிள்ளை.

பின்னேரம் முனாஸுக்குப் போன் எடுத்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"ஆரு கதைக்கிற?"

"றலியா டீச்சர், மகன்."

"டீச்சர் இப்பதானே எனக்கிட்டக் கதைச்சிட்டு வெச்சாங்க," என்றான் முனாஸ். குரல் மாறியிருந்தது. "நீங்க ஆரு?"

அவள் போனை வைத்துவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. மேலே அவள் அறையில் கதிரை ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் கால் மாற்றி உட்காருகிற சத்தம்.

ஏறிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. கதிரை ஜன்னலைப் பார்த்து இருந்தது. அதன் இருக்கை இளஞ்சூடாக இருந்தது.

அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்து, குழுவைத் திறந்து, எழுதினாள். 'கணேஸை எனக்குத் தெரியும். நான்தான் அவரை வரச் சொன்னேன். தெரிந்தும் தெரியாதவள் போல இருந்துவிட்டேன்.' மூன்று வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்தது விரல் வழியாக இறங்கியபோது அழுகை வந்தது. அல்லாஹ்வை நினைத்துக்கொண்டு அனுப்பினாள்.

திரையில் விழுந்தது வேறு.

"எங்கள் கேட்டடியில் ஒருவர் நிற்கிறார். பெண். மண்ணிறச் சால்வை. ஷஹ்மா வரும் நேரம், எனக்குப் பயமாக இருக்கிறது."

நேரம் ஆறு பன்னிரண்டு. ஷஹ்மா கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து ஆறே காலுக்கு பஸ்ஸை விட்டு இறங்குவாள். இருட்டில், மழையில், தனியாக, இந்த ஒழுங்கை வழியே ஏறி, இந்தக் கேட்டடிக்குத்தான் வருவாள். முப்பது ஆம்பிளைகள். முப்பது டோர்ச். றலியாவுக்கு வேறு யோசனை எதுவும் வரவில்லை. போனை ஜன்னல் விளிம்பிலேயே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள். கதவோரக் கொக்கியில் தொங்கியதை மழைக்குத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே வந்து நின்றாள்.

தெருவிளக்கு ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது. பள்ளிவாசல் பாங்கு ஓய்ந்து, கீழே பஸார்ப் பக்கம் பஸ் ஒன்று முக்கிக்கொண்டு ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. காலடியில் நனைந்த சாக்கின் நாற்றம், புல்லின் வாசம், பெற்றோல். அவள் அசையாமல் நின்றாள். அவன் நின்ற இடம் அதுதான் என்று நின்ற பிறகுதான் உறைத்தது.

குடை ஒன்று வளைவில் திரும்பி வந்தது.

"மகள்," என்றாள்.

ஷஹ்மா நின்றாள். குடையைச் சற்று உயர்த்தினாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஆரு வேணும் ஒங்களுக்கு?"

"மகள், நான்தான். உம்மா."

ஷஹ்மாவின் முகம் சுருங்கியது. ஓர் அடி பின்வாங்கினாள். அவளைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குள் புகுந்து, உள்ளே கொண்டியைப் போட்டாள். "உம்மா," என்று வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.

உள்ளேயிருந்து ஒரு குரல், "வாரேன் மகள்," என்றது.

றலியா தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். கைக்கு வந்தது சால்வை. வெளிச்சத்தில் பிடித்தாள். மண்ணிறம்.

முதல் விசில் எதிர்வீட்டில் ஊதியது. பிறகு பக்கத்து வீடு. பிறகு கீழே. பிறகு எங்கும்.

கதவுகள் திறந்தன. செருப்புச் சத்தங்கள். டோர்ச்சுகள் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து விழுந்தன. அந்த முகங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். இவனுக்கு அகரம் எழுதக் கொடுத்தாள். இவனுடைய தாய்க்குப் பிரசவத்தின்போது கூட இருந்தாள். இவனுக்குப் பெண் பேசிக் கொடுத்தாள்.

"முனாஸ். மகன். நான் டீச்சர்."

"டீச்சர் மேலே நிக்கிறாங்க," என்றான் முனாஸ்.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

ஜன்னலில் ஒரு பெண் நின்றாள். போன் வெளிச்சம் அவள் முகத்தில் பட்டிருந்தது. அந்த முகத்தை றலியா நாற்பத்தாறு வருடமாகக் கண்ணாடியில் பார்த்து வருகிறாள். பக்கத்தில் ஷஹ்மா. பயந்து ஒட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணின் தோளில் கன்னத்தை வைத்திருந்தாள்.

முனாஸ் சட்டப்படிதான் நடந்தான். சத்தமாகக் கேட்டான்.

"இவவத் தெரிஞ்ச ஆள் ஆராச்சும் ஈக்கிறீங்களா?"

மழை பெய்தது.

"இவவத் தெரிஞ்ச ஆள் ஆராச்சும்?"

"என் புள்ளக்கு என்னத் தெரியும்," என்றாள் றலியா. "கேட்டுப் பாருங்க. ஷஹ்மா. செல்லு மகள். ஒரு வார்த்தை செல்லு."

ஷஹ்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தாள். உதடு அசைந்தது போல இருந்தது. அந்தப் பெண் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். ஷஹ்மா இல்லை என்று தலையாட்டினாள்.

மூன்றாம் தரம் முனாஸ் வாயைத் திறந்தான். யாரோ அவள் முடியைப் பிடித்தார்கள். ஒரு தடி தரையில் உரசியது. புல் வாசம் மூச்சை அடைத்தது.

மேலே ஒரு கை நீண்டு திரையைப் பிடித்தது. சுண்டுவிரலில் சூட்டுத் தழும்பு, மணிக்கட்டில் ஒற்றைக் காப்பு. திரை மெதுவாக, முழுவதுமாக மூடியது. அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.