பதினோராம் கட்டில் போத்தல்

தெல்தோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே என் சுடுதண்ணிப் போத்தல் கைநழுவி விழுந்து, உள்கண்ணாடி நொறுங்கியது. நான் அழவில்லை. என் கணவர் வீரையா ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு பன்னிரண்டாம் கட்டிலில் இருந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அது போதும் எனக்கு.

வார்டு வாசலில் சுடுதண்ணி மெஷின் இருந்தது. பொத்தானை அழுத்தினால் கொதிக்கக் கொதிக்கக் கொட்டும். யாராவது ஒருவர் எல்லார் போத்தலையும் கொண்டுபோய்ப் பிடித்து வருவது வழக்கம். மாறிப்போகாமலிருக்க, ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டிக் கட்டில் நம்பரை எழுதியிருப்போம்.

அன்று மெஷினடியில் ஒரு பச்சைப் போத்தல் தனியாக நின்றது. நம்பர் பதினொன்று. பதினோராம் கட்டிலில் காலையிலிருந்து வெறும் மெத்தைதான்.

"வாணாம் அக்கா," என்றாள் ஜெஸீமா. ஒன்பதாம் கட்டிலில் கிடக்கும் வாப்பாவுக்குத் துணையாக நிற்பவள். "அது மௌத்தானவர்ட போத்தல்."

"ஆள் செத்தது போத்தலுக்கு என்னம்மா தெரியும்?" என்றேன். பெரிய தைரியசாலி நான். பிளாஸ்டரை உரித்தெறிந்துவிட்டு, புதிதாகப் பன்னிரண்டு என்று எழுதி ஒட்டினேன்.

ஆவி பறக்கத்தான் பிடித்தேன். கட்டிலடியில் கோப்பையில் ஊற்றித் தொட்டுப் பார்த்தால், ஓடைத் தண்ணீராய்ச் சில்லிட்டது.

வீரையா அதை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார்.

"என்னா கொதி கொதிக்குது புள்ள."

மறுநாள் பிளாஸ்டரில் பதினொன்று என்றிருந்தது.

என் கையெழுத்தில்.

ஜெஸீமாவின் குறும்பு என்று அவளை முறைத்துவிட்டு, மறுபடி பன்னிரண்டு எழுதினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் பார்க்கப் போனால், பன்னிரண்டாம் கட்டில் காலி. நர்ஸிடம் ஓடினேன்.

"அங்க ஃபேன் ஓடல. பக்கத்துக் கட்டிலுக்கு மாத்திட்டோம்," என்றார் நர்ஸ்.

பதினோராம் கட்டிலில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, கோப்பையை ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, சொன்னபடியே வீட்டுக்கு விட்டார்கள். பெட்டியில்.

போத்தலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அப்போது வாய் வரவில்லை, இப்போதும் கண்ணீர் வரவில்லை.

எங்கள் வழக்கப்படி, அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, பக்கத்தில் ஒரு டம்ளர் பச்சைத்தண்ணி வைத்து வந்தேன். இன்று முப்பத்தோராம் நாள். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது. விளக்குச் சுடர் அசையாமல் நிற்கிறது.

டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருக்கிறது.

ஆனால் தண்ணீரின் மேல் மட்டும், விட்டு விட்டு, ஒரு ஓரத்திலிருந்து சிற்றலை எழுந்து நகர்கிறது.

அவர் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார்.