பதிலுக்குக் கை அசைத்தார்கள்

கடலில் எதிர்ப்படும் படகுக்குக் கை அசைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் எல்லாரும் அசைப்பார்கள். சாயம் போன மீன்பிடிப் படகாக இருக்கலாம், கண்ணாடி அறை வைத்த உல்லாசப் படகாக இருக்கலாம், ஒருவர் கையைத் தூக்கினால் மற்றவரும் தூக்குவார். கரையில் ஒரே தெருவில் இருந்துகொண்டு முகம் பார்க்காதவர்கள்கூடத் தண்ணீருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள்.

டீச்சருக்குப் படகுப் பயணத்தில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கணவர் உட்பட எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். கணவர் அச்சகம் நடத்தியவர். அச்சகத்தை விற்றுவிட்டு இந்த மோட்டார் படகை வாங்கியும் பிரஸ்காரர் என்ற பெயர் அவரை விடவில்லை. படகில் முன்னால் இருவர் படுக்க ஒரு சின்ன அறை, நடுவில் பாத்திரம் கழுவும் தொட்டியும் ஒற்றை அடுப்பும், பின்னால் திறந்த தளத்தில் நீளமாக ஒரு பெஞ்ச். கோடை முழுக்கக் கரையை ஒட்டியே போய், பிடித்த இடத்தில் நங்கூரம் போட்டுத் தங்கி, மறுநாள் நகர்வார்கள். வீட்டில் பேசாததையெல்லாம் அதில் பேசிக்கொண்டார்கள்.

அன்று மதியம் வடக்கிலிருந்து அடுத்த படகுத்துறையை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். காற்றே இல்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கிடந்தன.

“அங்க பாருங்க, ஒருத்தர்” என்றார் டீச்சர்.

கடல் பக்கமாக, தள்ளி, பச்சை நிறத்தில் ஒரு சின்னப் படகு. அதன் இன்ஜின் தண்ணீருக்கு மேலே தூக்கிவைக்கப்பட்டிருந்தது. ஒரு ஆள் எழுந்து நின்றிருந்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கி, அதே நிதானத்தில் இறக்கினார். மறுபடியும் தூக்கினார்.

டீச்சர் சிரித்துவிட்டார். “நம்ம ஸ்கூல் டிரில் மாதிரியே இருக்கு.” எழுந்து நின்று தானும் கைகளை விரித்து, அதேபோலத் தூக்கி இறக்கிக் காட்டினார்.

அந்த ஆள் நிறுத்தினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மறுபடியும் தூக்கினார், இன்னும் மெதுவாக.

பிரஸ்காரர் பைனாகுலரை எடுத்துப் பார்த்தார்.

படகு ஓட்ட உரிமம் வாங்குவதற்கான வகுப்பில் அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்திருந்தார்கள். படித்ததில் பாதி மறந்துவிட்டது. ஆனால் கையில் எதுவுமே இல்லாதவன் கடலில் உதவி கேட்பது எப்படி என்று வாத்தியார் மேடையில் நின்று செய்து காட்டியதை யாரும் மறக்கமாட்டார்கள். இரு கைகளையும் விரித்து, மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும்.

“என்ன பண்றாரு?” என்று டீச்சர் கேட்டார். அவருடைய குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

“எக்சர்சைஸ் பண்றான்.”

பைனாகுலரை உறைக்குள் போட்டுப் பொத்தானை மூடினார். இன்ஜினின் சத்தம் கூடியது.

காரணங்கள் இருந்தன. துறையின் வாசலில் ஒரு மணல் திட்டு. கடல் ஏறியிருக்கும்போதுதான் அதைத் தாண்ட முடியும். தாமதித்தால் ராத்திரி முழுக்க வெளியில் ஆடிக்கொண்டு கிடக்க வேண்டும். தெரியாத ஆளைப் படகில் ஏற்றவும் தயக்கம். யாராவது வருவார்கள், மீன்பிடிப் படகுகள் போகிற வழிதானே. ஒவ்வொரு காரணமும் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பிடி மணல்தான்.

டீச்சர் உட்கார்ந்துகொண்டார். திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்குக் கழுத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

துறையில் டீசல் ஊற்றுகிறவர் ஓடிவந்து கயிற்றை வாங்கிக் கட்டினார். வருஷா வருஷம் பார்த்துப் பழகிய முகம்.

“வாங்க சார், வாங்கம்மா. என்ன இது, படகு பின்னாடி இப்படித் தாழ்ந்து வருது? அம்மா வீட்டு பீரோவையும் தூக்கிட்டு வந்துட்டாங்களா?”

“டீச்சர் புஸ்தகம்தான், வேறென்ன” என்றார் பிரஸ்காரர். சொல்லிவிட்டுப் பின்பக்கம் பார்த்தார். உண்மையாகவே தாழ்ந்திருந்தது.

கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே டீசல்காரர் கேட்டார். “வர வழியில சின்னதா ஒரு பச்சைப் படகு கண்ணுல பட்டுதா சார்? என் தம்பி. வலை பாக்கப் போனவன், போன வாரத்துலேருந்து ஆளைக் காணோம். இன்ஜின் அடிக்கடி மக்கர் பண்ணும். மாத்துடா மாத்துடான்னு அடிச்சுக்கிட்டேன். தேடற படகெல்லாம் தேடிட்டுப் போயிடுச்சு. எனக்குத்தான் மனசு கேக்கல.”

“இல்லையே” என்றார் பிரஸ்காரர்.

அவ்வளவு இயல்பாக வந்தது அந்தச் சொல்.

“நீங்கம்மா?”

டீச்சர் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றில் இருந்த கைகளைப் பார்த்தார். “நான் உள்ள படுத்திருந்தேன்ப்பா.”

“அப்ப வடக்குப் பக்கம் இல்ல. தெக்கதான் இழுத்துட்டுப் போயிருக்கணும்.” டீசல்காரர் நிமிர்ந்தார். “நல்லவேளை உங்களைக் கேட்டேன். இல்லன்னா இன்னிக்கும் வடக்கதான் சுத்தியிருப்பேன். ரொம்ப தேங்க்ஸ் சார்.”

தன் படகைக் கிளப்பிக்கொண்டு அவர் தெற்கே போனார். திட்டைத் தாண்டும்போது திரும்பி, கையைத் தூக்கினார்.

பழக்கதோஷம். இருவருடைய கைகளும் பதிலுக்கு எழுந்தன.

அவற்றைக் கீழே இறக்கும் நேரத்தில்தான் உள்ளே தண்ணி மோட்டார் ஓடியது.

படகில் குழாயைத் திறந்தால் ஒரு சின்ன மோட்டார் தானாக ஓடித் தொட்டியிலிருந்து நல்ல தண்ணீரை மேலே தள்ளும். மூடினால் நின்றுவிடும். நாற்காலியை இழுப்பது போன்ற கரகரப்பான சத்தம்.

“குழாயை மூடலையா?” என்றார் பிரஸ்காரர்.

டீச்சர் உள்ளே போய்ப் பார்த்தார். குழாய் மூடியிருந்தது. கழுவுதொட்டி காய்ந்திருந்தது.

மோட்டார் நின்றது. மூச்சு வாங்கும் அளவுக்கு இடைவெளி. மறுபடியும் ஓடியது.

பிரஸ்காரர் தளப்பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து, ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. படகின் அடிவயிறு காய்ந்து தூசியாக இருந்தது. ஆனால் தண்ணீரின் அளவு காட்டும் முள் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது.

“வால்வு போயிருக்கும்.”

“தண்ணி எங்க போகுது?”

அவர் தளப்பலகையை மூடினார்.

பொழுது சாய்ந்தது. மற்ற படகுகளில் விளக்குகள் எரியத் தொடங்கின. எங்கோ யாரோ சிரித்தார்கள். டீ போட்டு வைத்தும் இருவரும் குடிக்கவில்லை. மோட்டார் ஓடும், நிற்கும், ஓடும். இயந்திரத்துக்கு இப்படியொரு தாளம் கிடையாது என்று டீச்சர் நினைத்தார். மைதானத்திலிருந்து ஓடிவரும் பிள்ளைகள் குழாயில் வாய் வைக்கும்போது கேட்டிருக்கிறார். முதலில் அவசரம், பிறகு புரையேறல், பிறகு நிதானமாக, நீளமாக.

பின்தளத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. பெட்ரோல். வெயிலில் கிடந்து உப்புப் பூத்த துணி. அதற்கு அடியில், பெயர் சொல்ல விரும்பாத இன்னொன்று.

டீச்சர் மெதுவாகச் சொன்னார். “யாரோ தண்ணி குடிக்கிறாங்க.”

“உளறாத.”

“எழுந்து போய் அந்த பெஞ்சைப் பாருங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார், சாயங்காலத்திலிருந்தே அப்படித்தான்.

“உங்களுக்குத் தெரியும்” என்றார் டீச்சர். “பைனாகுலரை மூடும்போதே தெரியும்.”

“உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

திருமணமான நாளிலிருந்து இத்தனை சுருக்கமாக அவர்கள் சண்டை போட்டதில்லை.

“இப்ப போய்ச் சொன்னா அப்பவே ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்லுவ?” பிரஸ்காரரின் குரல் தாழ்ந்துவிட்டது. “இங்க எல்லாருக்கும் நம்மளத் தெரியும்.”

மோட்டார் நீளமாக ஓடியது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தொட்டி வறண்டு, மோட்டார் வெறும் காற்றை உறிஞ்சத் தொடங்கியது.

நிற்கவில்லை.

வறண்ட தொண்டையின் சத்தம் அது. படகு முழுக்க அதிர்ந்தது. பிரஸ்காரர் பாய்ந்து போய் மின்சுவிட்சை அணைத்தார்.

விளக்குகள் அணைந்தன.

சத்தம் நிற்கவில்லை.

அது இப்போது தளப்பலகைக்கு அடியிலிருந்து வரவில்லை. பின்தளத்திலிருந்து வந்தது.

டீச்சர் இருட்டில் தடவி, கையடக்க வயர்லெஸை எடுத்தார். பிரஸ்காரரின் கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது.

“நாம யாருன்னு சொல்லாத. பாத்தோம்னு மட்டும் சொல்லு.”

அந்தக் கையை டீச்சர் விலக்கினார். தன் பெயரைச் சொன்னார், படகின் பெயரைச் சொன்னார். துறையில் இருந்த அத்தனை படகுகளிலும், தெற்கே போன டீசல்காரரின் படகிலும் அந்தக் குரல் கேட்டிருக்கும்.

“உன் தம்பி படகை நாங்க மதியம் பாத்தோம். வடக்க. அவர் கை காட்டினாரு. நாங்க நிக்கல. உன்கிட்ட பொய் சொல்லிட்டோம்.”

வயர்லெஸில் கரகரப்பு. பக்கத்துப் படகுகளில் சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. அப்புறம் டீசல்காரரின் குரல், தொலைவிலிருந்து.

“இடத்தைச் சொல்லுங்கம்மா.”

சொன்னார். அப்போதுதான் பின்தளத்துச் சத்தம் ஓய்ந்தது.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு டீசல்காரர் பச்சைப் படகைக் கட்டியிழுத்துக்கொண்டு திரும்பினார். அதன் தளத்தில் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. துறையில் கூட்டம். யாரும் அந்தத் தம்பதிக்கு வழிவிடவும் இல்லை, வழியை மறிக்கவும் இல்லை. பார்வையை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

டீசல்காரர் அவர்களிடம் வந்தார். இரண்டு கண்களும் வீங்கியிருந்தன.

“போலீஸ்காரங்க பாத்துட்டாங்கம்மா. அவன் உசுரு போய் நாலஞ்சு நாளாச்சாம். நீங்க பாத்தப்ப அவன் உயிரோட இல்ல. தண்ணி கேன் காலியா இருந்துச்சு. மூடியைக் கடிச்சு வச்சிருக்கான்.”

“அப்பாடா” என்றார் பிரஸ்காரர்.

வாய்தவறி வந்ததுதான். மூச்சோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. டீச்சர் கண்களை மூடிக்கொண்டார். அந்த இடத்திலேயே தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

டீசல்காரர் கோபப்படவில்லை. பிரஸ்காரரை ஒரு நிமிஷம் பார்த்தார். கணக்குப் புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பது போல.

“அப்ப நேத்து எதுக்கு சார் இல்லேன்னீங்க? அவன் உசுரோட இல்லேன்னு அப்ப உங்களுக்குத் தெரியாதே. உசுரோட இருக்கான்னுதானே நினைச்சீங்க?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தம்பியைத் தூக்கத் திரும்பிப் போனார்.

அவர்கள் கிளம்பியபோது எதிரே மூன்று நான்கு படகுகள் வந்தன. இருவரும் கையைத் தூக்கவில்லை.

மழைக்காலத்துக்குப் படகைக் கரையேற்றி, தொட்டியை வடித்து, உறை போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். பிரஸ்காரர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. போலீஸ்காரர்கள் சொன்னதை மட்டும் ஒருமுறை, யாரும் கேட்காமலே, சாப்பாட்டு மேசையில் சொன்னார். “நம்மால ஒண்ணும் ஆகியிருக்காது, டீச்சர்.” டீச்சர் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டார்.

ஒரு காலை பிரஸ்காரர் முதலில் எழுந்து சமையலறைக்குள் போனார். கொஞ்ச நேரமாகியும் அரவம் இல்லை. டீச்சர் பின்னாலேயே போய்ப் பார்த்தார்.

கழுவுதொட்டியின் ஓரத்தில் டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. முந்தின இரவு குடித்தவை இரண்டு. பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று, சுத்தமாகக் கழுவி, அடுத்தவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் வைப்பது போல, சத்தம் வராமல் ஓரமாகக் கவிழ்த்திருந்தது. அதன் அடியில் தண்ணீர் இன்னும் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

கோபமாக எதையாவது உடைத்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

பிரஸ்காரர் அந்த டம்ளரை நிமிர்த்தினார். குழாயைத் திறந்து விளிம்பு வரை நிரப்பினார். கொஞ்சம் சிந்தியது, துடைத்தார். மேசையில் வைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். டீச்சரின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

இருவரும் வெளியே வந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, தலையைக் குனிந்தபடி நின்றார்கள். ஒருவர் குடிப்பதை நின்று பார்ப்பது மரியாதையில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.