கைதட்டலுக்கு எதிராக ஆறு வருடங்கள்

மதியம் இரண்டு மணிக்கு வேலைக்குப் போனதும் காதைக் காட்ட வேண்டும். வாசலில் இருக்கும் கருவி இரண்டு காதுகளுக்குள்ளும் ஒளி பாய்ச்சிப் பார்த்து, உள்ளே எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கதவு திறக்கும். சென்னையில் மற்ற எல்லா அலுவலகங்களிலும் உள்ளே ஏதாவது இருந்தால்தான் கதவு திறக்கும்.

அதற்குச் செவியிழை என்று பெயர். அரிசியில் பாதி இருக்கும். கல்லூரி முடிக்கும் வருடத்தில் பொருத்திவிடுவார்கள். அலுவலக உத்தரவு, பேருந்து அறிவிப்பு, பாட்டு எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். பாட்டை மட்டும் கேட்பவருக்குப் பிடித்த மாதிரி திருத்திக் கொடுக்கும். அதனால் பதினெட்டு வருடங்களாக எந்த ஆல்பத்தைப் பற்றியும் யாரும் மோசமாக ஒரு வரி எழுதியதில்லை. ‘கேட்டவர்கள் கருத்து’ பக்கத்தைத் திறந்தால் அருமை, அருமை என்று அடிவரை போகும்.

எல்லாமே அருமை என்றால் இசை நிறுவனம் எதைத் திருத்தும்? அதற்குத்தான் எங்களை வைத்திருந்தார்கள். வெறுங்காதர்கள். நான் இரண்டாம் வருடத்தோடு கல்லூரியை விட்டவன், அதனால் காது அப்படியே இருந்தது. வேறு தகுதி எதையும் அவர்கள் கேட்கவில்லை.

அம்பத்தூர் கட்டடத்தில் நாற்பது அறைகள், அறைக்கு இருவர். ஜன்னல் கிடையாது. பாட்டு செய்தவர்கள் செய்தபடியே ஸ்பீக்கரில் ஓடும். முடிந்து அரை நிமிடம் கழித்து மைக்கில் சிவப்பு விளக்கு எரியும். இரண்டு நிமிடம் குறை சொல்லும் நேரம். இருவரில் யார் ஒரு குறை சொன்னாலும் அதை மூலத்திலிருந்தே சுரண்டிவிட்டுத்தான் ஊருக்கு வெளியிடுவார்கள். பாராட்டினால் பதிவாகாது. பாட்டில் இல்லாத ஒன்றைக் குறை சொன்னால் கருவி ஏற்காது. தொடர்ந்து மூன்று பாட்டுக்கு வாய் திறக்காதவனுக்குக் காது சாய்ந்துவிட்டது, எல்லாமே பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். வேலை போகும். வேறு எங்கும் வேலை வேண்டுமென்றால் செவியிழை போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளைக்கு முப்பது பாட்டு. குறை எங்கிருந்து வரும்? பக்கத்து நாற்காலி பிலோமினா அக்கா ராயபுரத்துக்காரி, கடல் வந்த பிறகு ஆவடிக்குக் குடிபெயர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்: “ஒண்ணும் தோணலன்னா கைதட்டு ஜாஸ்தியாகீதுன்னு சொல்லிடு. எல்லாப் பாட்டுலயும் எங்கனா தட்டினுதான் இருப்பான். எடுத்தா ஒண்ணும் கெட்டுப்போவாது.” கேன்டீனில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நானும் ஆறு வருடம் சொன்னேன். போகப்போகப் பாட்டுகளில் கைதட்டல் குறைந்தது. பிறகு ஏதாவது பழைய பதிவில்தான் வந்தது. அப்போதும் சொன்னேன்.

அன்று வந்த ஆல்பம் ‘மின்னும் தரை’. காரைக்காலைச் சேர்ந்த நான்கு பேர், நூறு வருடத்துக்கு முந்தைய டிஸ்கோவை எடுத்து, இந்தக் காலத்து வேகத்தில் தாங்களே வாசித்திருந்தார்கள். முதல் மூன்று பாட்டுக்கும் ஏதோ சொன்னேன். நான்காவதில் தூங்கிவிட்டேன். ஐந்தாவதில் பேச அலுப்பாக இருந்தது.

ஆறாவது பாட்டில் டிரம்மும் பேஸ் கிதாரும் கொஞ்ச நேரம் நடந்தன, நடுவே ஒரு பெண் குரல். பிறகு ஒரு நிமிடம் முழுக்கக் கைதட்டல். ஏதோ ஒரு அறையில் ஆறேழு பேர் நின்று தட்டியது. ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் தாமதம். தாமதித்தவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதும் பதிவாகியிருந்தது. கீழே பார்த்தேன். என் இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன.

போன மாதம் தங்கை தமயந்தியின் பிறந்தநாள். கேக் வெட்டினாள். சுற்றி நின்ற பதினைந்து பேரும் கையைத் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றோம். ஏதோ குறைகிறதென்று தோன்றியது. பசி என்று நினைத்துக் கேக்கைத் தின்றேன்.

பாட்டு முடிந்தது. “அக்கா, கைதட்டு ஜாஸ்தின்னு சொல்லிடாத,” என்றேன்.

“ஏன்? அதான சொல்லுவோம்?”

“கடைசியா யாராவது கைதட்டி எப்பப் பாத்த?”

யோசித்தாள். “என் பையன் கல்யாணத்துல... தட்டுனாங்களா? நெனப்பு வரலடா.”

“தட்டியிருக்க மாட்டாங்க. பாட்டுல கேக்காதத ஊரே மறந்துடுச்சு. நாமதான் எடுத்துட்டோம்.”

“போடா. நம்ம ரெண்டு பேரு சொல்லியா ஊரு கேக்குது?”

“நாப்பது ரூம்கா. எல்லாரும் இதையேதான் சொல்றோம்.”

அவள் விளக்கைப் பார்த்தாள். இன்னும் எரியவில்லை. “சரி, நான் வாயத் தொறக்கல. எனக்கு மூணு சான்ஸும் அப்டியே கீது. நீ ரெண்ட தூங்கியே தின்னுட்ட. வேற எதுனா சொல்லித் தொலை. பேஸு?”

“அது போனா கைதட்டு எதுமேல நிக்கும்?”

“அந்தப் பொண்ணு கொரலு?”

“மொத்தமே ஒரு வரிதான் பாடுறா.”

“அப்ப கைதட்டுக்கோசரம் வேலைய விடப்போற. லூசு.”

விளக்கு எரிந்தது. அக்கா சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். எனக்கு வீரம் எதுவும் வரவில்லை. செவியிழை போட்டால் இனி எதையும் உள்ளபடி கேட்க முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு நிமிடம் தாண்டியதும், “டிரம்ஸ்,” என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். விளக்கு அணைந்தது.

மேற்பார்வையாளர் வைஷாலி வந்தாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக சார் என்றாள். “உங்க காது சாஞ்சிடுச்சு சார். இது பனிஷ்மென்ட் இல்ல. எல்லாருக்கும் ஒருநாள் நடக்குறதுதான்.” செவியிழையை அங்கேயே பொருத்திவிட்டார்கள். வலிக்கவில்லை. மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியானது. கருத்துப் பக்கத்தைத் திறந்தேன். அருமை, அருமை. நடுவே ஒன்று: “ஆறாவது பாட்டுல கை ரெண்டும் தானா மோதிக்கிச்சு. வேற யாருக்காவது இப்படி ஆச்சா?” கீழே, “எனக்கும்.” “பஸ்ல தட்டிட்டேன், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.” “ஒரு ஆள் லேட்டா தட்டுறாரே, யார் அது?” அதற்கு நானூறு பதில்கள். அந்தப் பக்கத்தில் ஒருவர் இன்னொருவரிடம் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆறாவது பாட்டைப் போட்டேன். டிரம், பேஸ். பிறகு ஒரு நிமிடம் பேஸ் மட்டும் தனியாக நடந்தது. நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அப்படித்தான்.

உதவி எண்ணில் பேசிய இயந்திரம் பணிவாகச் சொன்னது. “கைதட்டல் உங்களுக்குப் பிடிக்காது. அதற்கு எதிராக உங்கள் குரலில் இரண்டாயிரத்து இருநூறு கருத்துகள் உள்ளன. அதனால் நீக்கித் தருகிறோம்.”

மற்றவர்களுக்குக் கைதட்டலைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. அவர்களுடைய செவியிழை அதை விட்டுவைத்திருக்கிறது.

“மாத்த முடியுமா?”

“கண்டிப்பாக. நாளுக்கு ஒரு புதிய கருத்து பதியலாம். பழையதை மிஞ்சும்போது தானாகவே மாறும்.”

கணக்குப் போட்டேன். ஆறு வருடம்.

ஞாயிறு தமயந்தி வீட்டுக்குப் போனேன். அவளும் கணவனும் அதே பாட்டைப் போட்டுவிட்டு, கூடத்தில் நாற்காலியை ஓரம் தள்ளி நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். “வாண்ணா, நீயும் தட்டு!” பாட்டைத்தான் செவியிழை திருத்தும், எதிரே நிற்பவர் கையை அல்ல. அவள் கை மோதுவது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தமும் கேட்டது. அதைப் பார்த்துத் தட்டினேன்.

“லேட்டுண்ணா.”

“தெரியுது.”

மறுபடி தட்டினேன். மறுபடி தாமதம். தமயந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பாட்டுல ஒருத்தன் தட்டுவான் பாரு, அச்சு அசல் அவனேதான் நீ!”

அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் அடுத்தது தவறிவிடும்.