பிளாஸ்டர் இறுகும் நேரம்

பற்கள் அப்படிப் பொருந்தியிருக்கக் கூடாது. செஞ்சியிலும் வல்லத்திலும் கிளினிக் கிளினிக்காகக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்தவை, யார் யார் வாயிலிருந்தோ பிடுங்கியவை. பல் மருத்துவம் முதல் வருடம் படிக்கும் ஜெயசுதா அவற்றைப் பிளாஸ்டரில் மேல் வரிசை, கீழ் வரிசை என்று நட்டு நாளைக்குக் கல்லூரியில் காட்டவேண்டும். இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். கீழ்க் கடவாய்ப்பல் ஒன்று மட்டும் குறைந்தது. போன வாரம் அப்பா பாண்டுரங்கன் பிடுங்கிக்கொண்ட பல் பொட்டலத்தில் இருந்தது.

"எத்துக்கோம்மா. என் வாயில இருந்து வலிதான் குடுத்துச்சு, உன் படிப்புக்காவது ஒதவட்டும்" என்று சிரித்தார்.

அதை ஈர பிளாஸ்டரில் கடைசியாக அழுத்தி, மேல் வரிசையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். டக். முப்பது பேருடைய பற்கள் ஒரே வாயாகக் கடித்துக்கொண்டன. இழுத்தாள். பிரியவில்லை.

கோட்டை மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருக்க, கரண்ட் போன வீட்டுக்குள் சுண்ணாம்பு வாடையும் பல் கழுவிய மருந்தின் நெடியும் கலந்து தொண்டையில் ஒட்டின. ரோட்டில் மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அம்மாவும் அப்படியொரு பஸ்ஸில்தான் போயிருந்தாள்.

"ஜெயா" என்று பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் குரல். "தாடை இன்னாமோ இழுக்குதும்மா. வாயி தெறக்க..."

அதோடு நின்றது.

ஓடினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பல் கிட்டித்திருந்தது. கன்னத்தைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். காய்ச்சல் சூடு இல்லை இது. பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். முதல் வாரமே நடத்திய பாடம்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"மலையனூர் கூட்டத்துல மாட்டிக்கினோம்மா. அரை மணி நேரம் ஆவும்" என்றார் டிரைவர்.

பிளாஸ்டர் பத்தே நிமிடத்தில் இறுகிவிடும்.

பற்கள் பூட்டிக்கொண்ட பிளாஸ்டர் கட்டியை எடுத்துவந்து, அதைப் பிரிக்க, அவர் எதிரிலேயே தரையில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். அப்பா மூக்கால் அலறினார். முகவாயில் மெல்லிய விரிசல். ரத்தம்.

சுத்தியல் நழுவியது.

உதடுகளுக்கிடையில் வெள்ளையாக ஏதோ பிதுங்கியது. நகத்தால் சுரண்டினாள். கல்.

"நைனா, மூக்கால மூச்சு வுடு. நான் இருக்கறேன். மூச்சு வுடு நைனா."

தலையாட்டினார்.

மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் வெள்ளை. இன்னும் ஈரமாக. துடைத்தாள். மறுபடியும் வந்தது. அப்பா கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.