சூட்டுக்கு வந்தது

வேகத்தைக் கூட்டினால் சூடு ஏற வேண்டும். இறங்கிக்கொண்டிருந்தது.

அடைக்கலமேரி திரையின் ஓரத்திலிருந்த எண்ணை மறுபடியும் பார்த்தாள். முப்பத்தொரு டிகிரி. கூடத்திலேயே அதைவிட அதிக வெக்கை. மே மாதத்து மதியம். ஜன்னல் வழியாக முந்திரிக்கொட்டை சுடும் நெடி வந்துகொண்டிருந்தது, முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது, கணினியின் மூன்று ஃபேன்களும் இரைந்துகொண்டிருந்தன.

கட்டப்போகிற வீட்டின் முகப்பைக் கணினியில் படமாக்கித் தருவது அவள் தொழில். ஆலங்குடிப் பக்கத்து இன்ஜினியர்கள் அவளிடம்தான் வருவார்கள். கணவன் செம்மல் பைக்கிலிருந்து விழுந்து, தொடை முறிந்து, இடுப்புவரை மாவுக்கட்டோடு உள்ளறையில் கிடந்தான். வீடு அவள் சம்பாத்தியத்தில் ஓடியது. பழைய கணினியோ ஒரு படத்துக்கு அரை நாள் எடுத்துக்கொண்டது. அதனால் பிராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் வேலையை வீடியோ பார்த்துத் தானே படித்துக்கொண்டாள். வேகத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், அதற்கேற்ப வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். அளவு தப்பினால் பிராசஸர் சூட்டில் வேகும். அல்லது திரை நீலமாகிக் கணினியே நின்றுவிடும்.

“பொட்டி வெடிக்கப்போவுது மேரி, விட்டுரு” என்று செம்மல் சொல்லியிருந்தான்.

“வெடிச்சா நான் பாத்துக்கிறேங்க. நீங்க காலை அசைக்காமப் படுங்க.”

சூட்டை அளக்கும் சென்சார்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். எப்போதும் முகத்தில் அடிக்கும் அனல் இல்லை. தூர்வாரிய கிணற்றின் அடிமண் வாசம் வந்தது. பிராசஸர்மேல் இருக்கும் கூலரைத் தொட்டாள். திரை காட்டிய சூடுகூட இல்லை; பனிக்கட்டியில் பட்டதுபோல் விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது நுனித்தோல் உலோகத்திலேயே தங்கிவிட்டது.

அந்த நேரத்தில் படம் முடிந்தது. பிராசஸருக்கு வேலை நின்றதும் ஃபேன்களின் இரைச்சல் தணிந்தது.

சுவரிலிருந்து ஏதோ தொப்பென்று விழுந்தது. பல்லி. கல்லாய் விறைத்திருந்தது. பெட்டிக்குப் பின்னால் சூட்டுக்கு ஒட்டிப் படுத்திருக்கும் பூனையைக் குனிந்து தொட்டாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைத் தொட்டதுபோல் இருந்தது.

“மேரி” என்றான் செம்மல் உள்ளேயிருந்து. “போர்வை ஒண்ணு குடேன். திடீர்னு குளிருது.”

அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. கைகள் அதற்குமுன்பே விசைப்பலகைக்குப் போயிருந்தன. பிராசஸரை முழு மூச்சாக ஓடவைக்கும் சோதனையைத் தட்டிவிட்டாள். ஃபேன்கள் சீறின. கூடத்துக் குளிர், சாக்கடைத் துளையில் தண்ணீர் சுழன்று இறங்குவதுபோல், பெட்டியை நோக்கிப் பின்வாங்கியது.

“இப்ப பரவால்ல” என்றான் செம்மல்.

பெட்டிக்குள் ஏதோ சூட்டைக் குடிக்க வந்திருந்தது. அங்கே கிடைக்கும்வரை அது அங்கேயே குடிக்கும். கிடைக்காவிட்டால் சூடுள்ள உடம்பைத் தேடி வரும்.

ஆட்டோ ஓட்டும் சந்தனத்துக்குப் போன் போட்டாள். “அண்ணே, ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டு ஒடனே வாங்க. அவரை வெளிய தூக்கணும்.”

“என்னாச்சு தங்கச்சி?”

“வாங்கண்ணே. வந்ததும் சொல்றேன்.”

“கீரமங்கலத்துல நிக்கிறேன். இந்தா வாரேன்.”

அவன் வரும்வரை பிராசஸர் நிற்கக்கூடாது. அவ்வளவுதான். தெருக்கதவு திறந்தே கிடந்தது; அதை அவள் ஒரு தரம்தான் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இருபது டிகிரி. அதன் பசி வளர்ந்துகொண்டே போனது. வேகத்தை ஒரு படி ஏற்றினாள். எண் ஏறியது, தயங்கியது, மறுபடியும் சரிந்தது. வோல்டேஜைக் கூட்டினாள். மேஜை அதிர்ந்தது. பன்னிரண்டு. கூலரில் வெண்பனி தடித்தது. கணுக்காலை ஏதோ ஈரமாக மோந்து பார்த்துவிட்டுப் போனது.

“குடி” என்றாள் தணிந்த குரலில். “எவ்வளவு வேணுமோ இங்கயே குடி. உள்ள மட்டும் போவாத.”

“யாருகிட்ட பேசுற?” என்றான் செம்மல்.

“போன்லங்க.”

இன்னொரு படி. எந்த வீடியோவிலும் யாரும் போகத் துணியாத வேகம். ஃபேன்கள் ஊளையிட்டன. நான்கு. இன்னொரு படி. பல் கிட்டியது. விரல்கள் மரத்துப்போனதால், மணிக்கட்டால் அழுத்தி மவுஸை நகர்த்தினாள். ஒன்று.

பூஜ்யம்.

திரை நீலமானது.

ஃபேன்கள் நின்றன. அப்படியொரு அமைதியை அந்த வீடு கேட்டதில்லை.

எழுந்தாள். தெருப்பக்கம் போகவில்லை. உள்ளறை வாசலுக்குப் போய், கூடத்தைப் பார்த்தபடி திரும்பி, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றாள்.

மேஜையடியில், சிவப்புச் சிமென்ட் தரையில், வெள்ளையாக ஒரு பாதம் பூத்தது. பனியால் ஆன பாதம். விரல்கள் நீளமாக இருந்தன. பிறகு அடுத்தது. வெயில் விழுந்த இடத்திலும் அது கரையவில்லை.

“மேரி, சத்தம் நின்னுருச்சே?”

அவள் மூச்சு புகையாக வந்தது. நிலையைப் பிடித்திருந்த விரல்கள் நுனியிலிருந்து வெளுத்தன. வலித்தது. பிறகு வலிக்கவில்லை.

பாதங்கள் அவள் கால்விரல்களுக்கு முன்னால் வந்து நின்றன.

தெருமுனையில் ஆட்டோ ஹாரன் கேட்டது.

“என்னைத் தாண்டிப் போ, பாப்போம்” என்றாள் அடைக்கலமேரி. வாய் அசைந்தது. குரலும் வந்தது. கூடவே வர வேண்டிய மூச்சுப் புகை வரவில்லை; மூச்சில் சூடே இல்லை.

அவள் கையை எடுக்கவில்லை.